செவ்வாய்க்கிழமைப் படம்

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்த மின்னஞ்சலைச் சுகுமாரன் நான்கு முறை படித்தான். முதல் முறை, படம் தேர்வாகிவிட்டது என்பது மட்டும் கண்ணில் பட்டது. இரண்டாவது முறை, பன்னிரண்டு படங்களில் தன்னுடையதும் ஒன்று என்பதும், கண்காட்சி மண்டபத்தில் அது ஒரு மாதம் ஆள் உயரத்துக்குத் தொங்கப்போகிறது என்பதும், கீழே பெயரும் இடமும் எடுத்த தேதியும் போடுவார்கள் என்பதும் தெரிந்தன. மூன்றாவது முறைதான் நிபந்தனைகளைக் கவனித்தான். கேமராவில் பதிவான மூலக் கோப்பை, நாளும் நேரமும் அழியாமல் அப்படியே அனுப்ப வேண்டும். படத்தில் முகம் தெரிகிறவர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதமும் வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள். நான்காவது முறை படித்து முடித்தபோது சோறு ஆறிப்போயிருந்தது.

அந்தப் பெண் யாரென்று அவனுக்குத் தெரியாது.

சுகுமாரன் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். வயது நாற்பத்தாறு. ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடு. வேலை இல்லாத நாளில் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவான். ஊரில் உள்ள படக்குழு ஒன்றில் சேர்ந்து ஐந்து வருடமாகிறது. வருடா வருடம் இதே போட்டிக்குப் படம் அனுப்பி, வருடத்துக்கு ஒரு பாடம் வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தான். முதல் வருடப் படத்தைப் பார்த்துவிட்டுக் குழுவின் செயலாளர் ஹபீப் முகம்மது, “தம்பி, இந்தக் கடல் எந்தப் பக்கமா ஊத்துது?” என்று கேட்டார். கடற்கோடு அவ்வளவு சாய்ந்திருந்தது. அதிலிருந்து எதை எடுத்தாலும் முதலில் கோட்டைப் பார்ப்பான். அடுத்த வருடம், குளிர்பதன வண்டியிலிருந்து இறங்கிய வேகத்தில் எடுத்த தேர் ஊர்வலம் முழுக்க லென்ஸில் ஆவி படிந்து வெள்ளையாகிவிட்டது. நம் ஊர்க் காற்றுக்குக் கேமரா பழகப் பத்து நிமிடமாவது பைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. மூன்றாவது வருடம், வானத்தில் குறுக்கே போன மின்கம்பியைக் கணினியில் அழித்ததற்காகத் தள்ளினார்கள். நான்காவது வருடம் படம் நன்றாகவே இருந்தது. ஆனால் இடம் மிச்சம் பிடிக்கச் சிறிய கோப்பாகச் சேமித்ததில் மூலக் கோப்பு என்று காட்ட ஒன்றும் இல்லை.

எல்லாவற்றையும் சரிசெய்துகொண்டு வந்து நின்றால், இந்த வருடம் கையெழுத்து.

படத்தை எடுத்தது தீபாவளிக்கு ஆறு நாள் முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தீவிலிருந்து எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த் போகும் ஃபெரியில். ஐம்பதை ஒட்டிய ஒரு பெண் திறந்த பகுதியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றி, இரண்டு காலையும் முன்னால் இருந்த கம்பியில் தூக்கி வைத்திருந்தாள். மடியில் ஒரு துணிப்பை, பையின் மேல் பொட்டலம் பிரித்த கடலை. எதிர்வெயில் முகத்தில் விழ, கண்ணைப் பாதி மூடி, யாரோ வேடிக்கையாக ஏதோ சொன்னதுபோலச் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. ஃபெரியின் அதிர்வில் படம் கலங்காமலிருக்கக் கேமராவின் ஷட்டர் வேகத்தைக் கூட்டி வைத்து, தளத்தின் அந்தக் கோடியிலிருந்து, நீண்ட லென்ஸில் மூன்று படம் எடுத்தான். முதல் இரண்டும் பயனில்லை. மூன்றாவதில் எல்லாம் வந்துவிட்டது.

நீண்ட லென்ஸை அவன் வாங்கியதே பேசாமலிருக்கத்தான். கிட்டப் போனால் “எதுக்கு எடுக்கறீங்க?” என்பார்கள். பதில் சொல்ல வேண்டும். பதில் தேடுவதற்குள் அவர்கள் முகம் மாறிவிடும். இத்தனை வருடத்தில் அவன் எடுத்த நூற்றுக்கணக்கான முகங்களில் ஒன்றுக்காவது பெயர் தெரியுமா என்று கேட்டால் தெரியாது. இதை ஒரு குறையாக அவன் நினைத்ததில்லை. அன்று மதியம் ஆறிய சோற்றின் முன் உட்கார்ந்து முதல் முறையாக நினைத்தான், நினைத்துத் தன்மேலேயே எரிச்சல்பட்டான்.

சாயங்காலம் ஹபீப் முகம்மதுவுக்கு ஃபோன் செய்தான். அவர் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கடையில் ஆள் இருக்கும்போதே சத்தமாகப் பேசுவார்.

“கையெழுத்துதானே? நீயே போட்டுடு லா. யாரு வந்து பாக்கப் போறா?”

“அப்படிச் செய்யக் கூடாது பாய்.”

“அப்ப தேடு. தீவுல எட்டு லட்சம் பேருதான். தீபாவளிக்குத் தீபாவளி ஆயிரம் பேரா கேட்டாக்கூட ஒனக்கு ஆயுசு பத்தாது.” சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “சுகு, படத்த நல்லாப் பாரு. ஆள் பேரு படத்துலயே எங்கயாவது எழுதியிருக்கும்.”

பெயர் எழுதியிருக்கவில்லை. ஆனால் துணிப்பையைப் பெரிதாக்கிப் பார்த்தபோது ஒரு தொழிற்சாலையின் சின்னமும், குடும்ப தினம் என்று மலாயில் எழுத்தும், இந்த வருடமும் தெரிந்தன. அந்தத் தொழிற்சாலையில் சுகுமாரன் பத்து வருடத்துக்கு முன் வேலை பார்த்தவன். அதன் பஸ் காலை ஷிஃப்டுக்கு எங்கெங்கே நின்று ஆள் ஏற்றும் என்பது தெரியும்.

செவ்வாய்க்கிழமை விடிகாலை டத்தோ கிராமாட் நிறுத்தத்தில் போய் நின்றான். யாரிடம் கேட்பது, எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பஸ் வந்தது, எல்லாரும் ஏறினார்கள், போய்விட்டது. ஒரு நாள் அப்படிப் போனது. இரண்டாம் நாள், புதன்கிழமை, ஜெலுத்தோங் சந்தைப் பக்கத்து நிறுத்தத்துக்குப் போனான். நேற்று மாதிரி வாயடைத்துப்போய் நிற்கக் கூடாது என்று, சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மோட்டார் சைக்கிளில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான். முன்பின் தெரியாத ஆண் ஒருவன் ஒரு பெண்ணின் படத்தை வைத்துக்கொண்டு விசாரித்தால் என்ன நினைப்பார்கள்? அதனால் வெறும் படத்தைக் காட்டாமல், போட்டிப் படிவத்தையே ஃபோனில் திறந்து வைத்துக்கொண்டான். மேலே அமைப்பின் முத்திரை, நடுவில் படம், கீழே இடம், தேதி, நேரம். யாரும் சந்தேகப்பட முடியாது.

நீலச் சட்டை போட்ட பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்த இளம்பெண் ஒருத்தியிடம் போனான்.

“தங்கச்சி, மன்னிச்சிக்கோங்க. இவங்கள ஒங்களுக்குத் தெரியுமா? இந்தப் படம் போட்டியில செலக்ட் ஆயிருக்கு. இவங்க கையெழுத்து வேணும்.”

அவள் வாங்கிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. “ஐயோ, நம்ம ருக்குமணி அக்கா! ஏய், இங்க வாங்க, அக்காவப் பாருங்க, ஸ்டார் மாதிரி இருக்காங்க.”

எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். ஃபோன் கை மாறியது. “கால எங்க வச்சிருக்காங்க பாரு.” “பல்லெல்லாம் தெரியுது லா. நம்மகிட்ட ஒரு நாளாச்சும் இப்படிச் சிரிச்சிருக்காங்களா?” சுகுமாரனுக்குப் பெருமையாக இருந்தது. தன் படத்தை இத்தனை பேர் ஒரே நேரத்தில் ரசித்து அவன் பார்த்ததில்லை.

ஃபோன் சுற்றிக்கொண்டு மறுபடியும் அந்த இளம்பெண்ணிடம் வந்தது. பெயர் துளசி என்று அட்டையில் இருந்தது, கீழே லைன் லீடர் என்று இருந்தது. அவள் படத்துக்குக் கீழே இருந்த எழுத்தைப் படித்தாள். விரலால் பெரிதாக்கி மறுபடியும் படித்தாள்.

“பதினாலாந்தேதி. செவ்வாய். காலைல எட்டு நாப்பது.”

எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சற்று விலகினார்கள்.

“அக்கா அன்னைக்கு எம்சி இல்ல?” என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

துளசி ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாள். “அக்கா அடுத்த ஸ்டாப்புல ஏறுவாங்க அண்ணே. ஒங்க நம்பர் குடுங்க, சொல்லிடறேன்.” குரல் மரியாதையாகத்தான் இருந்தது. பஸ் வந்தது. எல்லாரும் ஏறிப் போனார்கள்.

சந்தைச் சந்திப்பின் சிவப்பு விளக்கில் நிற்கும்போதுதான் சுகுமாரனுக்கு உறைத்தது. எம்சி என்றால் டாக்டர் தரும் மருத்துவ விடுப்புச் சீட்டு. அவனும் தொழிற்சாலைக்காரன்தான். பண்டிகைக்கு முந்திய வாரம் எல்லாத் தொழிற்சாலையிலும் ஓவர்டைம் கட்டாயம். அந்த வாரத்தில் ஒருத்தி வராவிட்டால் அவள் இயந்திரத்தையும் சேர்த்து இன்னொருத்தி பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். பச்சை விழுந்து, பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்த பிறகும் அவன் நகரவில்லை.

அன்று மாலை ஆறு மணிக்கு ஃபோன் வந்தது.

“ருக்குமணி பேசறேன். படம் எடுத்தவர்தானே? மார்க்கெட்டுக்கு எதிர்ல கோப்பிக்கடைக்கு வாங்க. அந்தப் பேப்பரையும் கொண்டாங்க.”

நேரில் அவள் படத்தைவிடக் குள்ளமாக இருந்தாள். நீலச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள். பாலில்லாத தே ஓ இரண்டு சொல்லிவிட்டு, அவன் உட்காரும்வரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்கிருந்து எடுத்தீங்க? நான் யாரையும் பாக்கலியே.”

“அந்தக் கோடியிலேர்ந்து. பெரிய லென்ஸ்.”

“ஓ. ஒளிஞ்சிக்கிட்டு.”

“ஒளியலக்கா. தூரத்துல நின்னேன்.”

“நல்ல வித்தியாசம்தான்.” அவள் தேநீரைக் கலக்கினாள். “வருஷத்துக்கு மூணு தடவ போவேன். காலைல வேலைக்குக் கெளம்பற மாதிரியே கெளம்பி. வீட்டுல ஆறு பேரு, ஒருத்தருக்கும் தெரியாது.”

“அந்தப் பக்கம் யாராவது இருக்காங்களா?”

“யாரும் இல்ல. போவேன், வருவேன். நாலு தடவ. அப்பறம் வீடு.” அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “பொய்ச் சீட்டு இல்ல. தலவலின்னு சொன்னேன், தலவலி இருந்துச்சு. தலவலிய வீட்டுலதான் வச்சிக்கணும்னு டாக்டர் சொல்லலியே.”

சுகுமாரனுக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்காததால் அடக்கிக்கொண்டான்.

“ஏற்கெனவே ஒரு வார்னிங் லெட்டர் வாங்கியிருக்கேன், லேட்டா வந்ததுக்கு. எம்சி எடுத்துட்டு ஊர் சுத்தினா ரெண்டாவது லெட்டர். மூணாவதுன்னு ஒண்ணு கெடையாது, வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அன்னைக்கு என் மெஷின்ல நின்னது துளசி. காலு வீங்கிப் போச்சு அவளுக்கு. இன்னைக்கு சூப்பர்வைசர் லீவு. நாளைக்கு வந்ததும் சொல்லத்தான் போறேன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டா. அவ சொல்றதுல தப்பு இல்ல.”

“நான் என்னக்கா செய்யணும்?”

“நாளைக்கு ஆறே காலுக்கு வந்து, கேமராவுல தேதி தப்புன்னு சொல்லணும். ஃபேமிலி டே பன்னெண்டாந்தேதி ஞாயித்துக்கிழம. அது முடிஞ்சு சாயங்காலம் நான் ஃபெரில போனேன், அப்ப எடுத்தீங்க. அவ்வளவுதான்.”

அவன் விளக்க முயன்றான். மூலக் கோப்பில் நாளும் நேரமும் இருக்கும், அதில் கை வைத்தால் படத்தைத் தள்ளிவிடுவார்கள். கண்காட்சியில் படத்துக்குக் கீழேயே தேதி போடுவார்கள், யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம். அவளுக்குப் புரியவில்லையோ என்று மறுபடியும் ஆரம்பித்தான்.

“புரியுது தம்பி. அங்க தொங்கினா இங்க பொய். இங்க சொன்னா அங்க தொங்க முடியாது.”

அவன் தேநீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தன்னிடம் கேட்டிருக்கலாமே என்று அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடச் சமாளித்திருப்பான். அஞ்சு வருஷம், அஞ்சு வருஷம் என்று உள்ளே ஒன்று முனகிக்கொண்டிருந்தது. வெளியே சொன்னால் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும். எதிரே இருப்பவள் எத்தனை வருடமாக ஒரே இயந்திரத்தில் நிற்கிறாளோ.

“படத்தக் காட்டுங்க. எங்க லைன் பிள்ளைங்க பாத்துட்டாங்க, நான் பாக்கல.”

காட்டினான். அவள் வெகுநேரம் பார்த்தாள். கடைக்காரன் வந்து மேசையைத் துடைத்துவிட்டுப் போனான்.

“என் மூஞ்சி இப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது,” என்றாள். ஃபோனை வைத்துவிட்டு, அவன் பக்கத்திலிருந்த தாளை இழுத்து, அவன் பேனாவையே எடுத்து, கேட்டிருந்த இடத்தில் பெயரும் அடையாள அட்டை எண்ணும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

“அக்கா—”

“கையெழுத்துக் கேட்டீங்க, போட்டுட்டேன். ஒங்க வேல முடிஞ்சிது. என் வேல நாளைக்கு ஆறே கால்.” எழுந்து, இரண்டு தேநீருக்கும் தானே கொடுத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை அவன் ஆறு மணிக்கே அதே நிறுத்தத்தில் போய் நின்றான். தாள் சட்டைப்பையில் இருந்தது. வராமல் இருந்துவிடலாம் என்று எழுந்ததிலிருந்து நினைத்தான், வந்த பிறகும் நினைத்தான். ருக்குமணி அடுத்த நிறுத்தத்திலிருந்து நடந்து இங்கே வந்திருந்தாள். அவன் பக்கம் பார்க்காமல் ஓரமாக நின்றாள்.

“தங்கச்சி,” என்றான் துளசியிடம். “நேத்து காட்டினேனே, அந்தத் தேதி தப்பு. கேமராவுல நாள் சரியா வைக்கல. நேத்து வீட்டுக்குப் போயித்தான் கவனிச்சேன்.”

துளசி கையைக் கட்டிக்கொண்டாள். “எத்தன வருஷமா படம் எடுக்கறீங்க அண்ணே?”

“ஆறு வருஷமா.”

“ஆறு வருஷமா எடுக்கறவருக்குத் தேதி வைக்கத் தெரியாதா?”

குழுவில் யார் புதிதாகக் கேமரா வாங்கினாலும் பெட்டியைப் பிரித்து நாள் நேரம் வைத்துக் கொடுப்பது அவன்தான். “தெரியாது,” என்றான்.

யாரோ பின்னால் சிரித்தார்கள். “அப்பறம் எப்படி லா செலக்ட் பண்ணாங்க?”

“சரி, அப்ப எப்ப எடுத்தீங்க?”

“ஞாயித்துக்கிழம. ஃபேமிலி டே அன்னைக்கு.”

“மறுபடியும் காட்டுங்க.”

காட்டினான். படிவத்தை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் வைத்திருந்தான். துளசி நிதானமாகப் பார்த்தாள். கெட்டிக்காரி. “பை அன்னைக்குக் குடுத்ததுதான். ஃபேமிலி டே மூணு மணிக்குத்தான் முடிஞ்சிது. இது காலை வெயில் மாதிரி இருக்கே.”

காலை வெயில்தான். ஃபெரி கிழக்கே போகும்போது எதிரில் ஏறுகிற வெயில், முகத்தில் பால் மாதிரி விழுகிற வெயில். மாலையில் இதே தளத்தில் இந்த நிறம் வராது, செம்பும் மஞ்சளுமாக வரும். நிழலும் வேறு பக்கம் விழும். ஆறு வருடத்தில் அவன் உருப்படியாகக் கற்றது ஒன்று உண்டென்றால் அது வெயில்தான். தெரியாதவர்கள் கேட்டால் கையை நீட்டிக் காட்டி விளக்குவான்.

“சாயங்கால வெயில்தான்,” என்றான். “கேமராவுல இப்படித்தான் வரும்.”

பின்னால் மலை இருந்ததா, துறைமுகம் இருந்ததா என்று அவள் பார்க்க முயன்றாள். நீண்ட லென்ஸ் அதையெல்லாம் சாம்பல் நிறமாகக் கரைத்திருந்தது.

“அக்கா, சாயங்காலமா போனீங்க?”

“ஆமா,” என்றாள் ருக்குமணி. “கால் வலிச்சுது. ஒக்காந்தேன்.”

துளசி அவளைப் பார்த்தாள், பிறகு சுகுமாரனைப் பார்த்தாள். நம்பினாள் என்று சொல்ல முடியாது. “எனக்கும் கால் வலிச்சுது அக்கா, செவ்வாய்க்கிழம,” என்றாள் மெதுவாக. ருக்குமணி தலையைக் குனிந்துகொண்டாள். துளசி ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாள். “இந்தப் படம் அங்க தேதியோட தொங்குச்சுன்னா, சூப்பர்வைசருக்கு யாராச்சும் சொல்லுவாங்க. அப்ப நான் என்ன சொல்றது?”

“தொங்காது,” என்றான் சுகுமாரன்.

பஸ் வந்து நின்றது. ருக்குமணி கடைசியாக ஏறினாள். படியில் ஒரு காலை வைத்தவள் திரும்பப் போகிறாள் என்று நினைத்தான். பின்னாலிருந்து ஓடிவந்த இன்னொருத்திக்கு வழி விடத்தான் ஒதுங்கினாள்.

அவன் அங்கேயே நின்று ஹபீப் முகம்மதுவை அழைத்தான்.

“கையெழுத்துக் கெடச்சிதா?”

“கெடச்சிது பாய்.”

“அப்பறம் என்ன? அனுப்பு லா.”

“கேமராவுல தேதி தப்பு. வாபஸ் வாங்கிக்கிறேன்.”

அந்தப் பக்கம் கடை ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்டு நின்றது. “என் கேமராவுக்கே நீதான்டா தேதி வச்ச.”

சுகுமாரன் ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டான்.

“குழுவுல கேப்பாங்க,” என்றார் பாய் கடைசியில். “என்னன்னு போடட்டும்?”

“அதையே போடுங்க. வேற கத வேணாம்.”

“அஞ்சு வருஷத்துக்கு ஓட்டுவானுங்க.”

“போடுங்க பாய்.”

போட்டிக் கமிட்டிக்கு இரண்டு வரி எழுதினான். தேதிப் பிழையால் படத்தைத் திரும்பப் பெறுகிறேன். அனுப்பும் பொத்தானுக்கு மேலே விரல் நெடுநேரம் நின்றது. அடுத்த வருடம் இப்படி ஒரு படம் கிடைக்காது. அதற்கடுத்த வருடமும் கிடைக்காது. அது அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அழுத்தினான்.

மோட்டார் சைக்கிளைக் கிளப்புவதற்குள் குழுவில் செய்திகள் வர ஆரம்பித்தன. முதலில் கண்ணீர் வரச் சிரிக்கும் முகங்கள். பிறகு, “மாஸ்டர், எந்த நூற்றாண்டுல வச்சிருந்தீங்க?” என்று ஒருவர். அதற்குக் கீழே, மூன்று மாதத்துக்கு முன் சேர்ந்த ஹாரிஸ் என்ற கல்லூரி மாணவன், கேமராவில் நாளும் நேரமும் வைப்பது எப்படி என்று ஏழு படங்களோடு, ஒவ்வொரு பொத்தானுக்கும் சிவப்பு வட்டம் போட்டு, பொறுமையாக எழுதியிருந்தான். அங்கிளுக்கு உதவியாக இருக்கும், பேட்டரி மாற்றினால் ஒரு முறை சரிபார்ப்பது நல்லது என்று முடித்திருந்தான்.

சுகுமாரன் ஏழு படத்தையும் பார்த்தான். நான்காவதில் தம்பி ஒரு தப்புச் செய்திருந்தான். அந்த மாதிரிக் கேமராவில் அந்தப் பட்டியல் அங்கே இருக்காது. திருத்தி எழுத ஆரம்பித்தான், பாதியில் அழித்தான். மறுபடியும் எழுதி மறுபடியும் அழித்தான். கடைசியில் “நன்றி தம்பி” என்று போட்டுவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டதால் வண்டியைக் கிளப்பினான்.